கடல் பக்கம் திரும்பிய கம்பம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் அலுவலக மாடிப்படியைப் பார்த்ததும் முணுமுணுக்கிறது. உன் இருமல் விட்டதா? முதலாளியம்மா எப்படி இருக்கிறாள்? நீ உன் மனைவியைக் கூப்பிடுகிற பெயரிலேயே நானும் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் வாயிலிருந்து "ம்", "சரிக்கா", "வெச்சிடட்டுமா" தவிர வேறெதுவும் வராது. எனக்கு இப்போது ஒழுங்கான பதில் ஒன்று வேண்டும்.

உங்கள் சலவைக்கடைப் பின்முற்றத்துப் பாறையில் நான் நட்ட சிமெண்ட் கம்பத்தைப் பற்றித்தான். அதன் தலையில் இருக்கும் கருவி, வானத்தில் போகிற செயற்கைக்கோள்களைப் பார்த்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று தினமும் குறித்துக்கொள்கிறது. நட்ட நாளிலிருந்து கம்பம் மலைப் பக்கமாகத்தான் நகர்ந்து வருகிறது, ஆண்டுக்கு ஒரு நகத்தின் அகலம். கம்பம் மட்டுமல்ல, பாறையும் கடையும் உன் வெந்நீர்த் தொட்டியும் எல்லாம் சேர்ந்துதான் நகர்கின்றன. அது எதிர்பார்த்தது.

போன மாதம் அது திரும்பிவிட்டது. மூன்று வாரம் கடல் பக்கமாக நகர்ந்தது. மொத்தம் ஒரு அரிசி மணி நீளம். பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

லாரி எதுவும் பின்னால் வந்து இடித்ததா? பக்கத்தில் யாராவது பள்ளம் தோண்டினார்களா? யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் போய்விட்டது. முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. முதலாளியம்மா நலம், உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

கம்பத்தை எதுவும் இடிக்கவில்லை. லாரி முன்பக்கத்தோடு திரும்பிவிடும். பள்ளமும் இல்லை. கம்பம் நீ விட்டுப்போனபடியே நிற்கிறது.

கடையில் வேலை மூச்சு முட்டுகிறது. துறைமுகத்தில் இரண்டு பயணிகள் கப்பல்கள் கூடுதலாக வருகின்றன. அறை விரிப்புகள் எல்லாம் நமக்குத்தான். லாட்ஜ்காரர் வழக்கம்போல "மஞ்சள் அடிக்குது, மஞ்சள் அடிக்குது" என்று ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். முதலாளியம்மா சொன்னாள், "விரிப்பு மஞ்சளா இல்லைங்க, உங்க கண்ணாடியைத் தொடைங்க." அவர் துடைத்துக்கொண்டு போனார். போன மாதம் காற்று நன்றாக அடித்தது. மூட்டை மூட்டையாகத் துவைத்தும் மதியத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன.

ஒரு அரிசி மணிக்கு இவ்வளவு பதற்றமா அக்கா? எனக்குப் புரிகிற மாதிரி எழுதேன்.

இப்படிக்கு,
தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை.

புரிகிற மாதிரிதானே? இஸ்திரி மேஜைக்குப் போ. நனைந்த படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டு, ஒரு முனை மேஜை விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி விடு. தண்ணீர் ஊறிய கனத்தில் தொங்குகிற பகுதி இறங்கும்; மேஜை மேல் கிடப்பதையும் இழுத்துக்கொண்டே இறங்கும். கடலின் தரையும் அப்படித்தான். பிறந்தபோது அது சூடான பாறைக் குழம்பு. கோடிக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்கடியில் கிடந்து ஆறிக் கனத்துப்போய், நம் கரைக்கு வந்ததும் நிலத்துக்கு அடியில் அமிழத் தொடங்குகிறது. பின்னாலிருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்ட பகுதியின் கனமே மிச்சத்தை இழுக்கிறது.

இப்போது அந்த விரிப்பின் மேல் ஒரு ஈரத் துண்டை வை. துண்டுதான் நாம் குடியிருக்கும் நிலம். விரிப்பு தொங்குகிற விளிம்பருகே துண்டின் ஒரு முனையைக் கையால் நகராமல் பிடித்துக்கொள்; அது மலைப் பக்கம், மறுமுனை கடல் பக்கம். மறுமுனை விரிப்போடு ஒட்டிக்கொண்டு, விரிப்பு நகர நகர உன் கையை நோக்கி இழுபடும். துண்டு நடுவில் புடைக்கும். கம்பம் மலைப் பக்கம் போவது இதனால்தான். என்றாவது அந்த ஒட்டு பட்டென்று விட்டால் துண்டு விருட்டென்று பழைய இடத்துக்குப் பாயும். அதுதான் பெரிய நிலநடுக்கம்.

ஆனால் ஒட்டிய இடத்துக்கும் கீழே, ஆழத்தில், முழுதாக ஒட்டவும் செய்யாமல் முழுதாக வழுக்கவும் செய்யாமல் ஒரு பகுதி உண்டு. அங்கே சில சமயம் பிடி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நெகிழும். மேஜை மேல் வைத்த தேநீர்கூடத் தளும்பாது. அந்த நாட்களில் மேலே இருக்கும் நிலம் கடல் பக்கம் திரும்பும். வேறு சில கடற்கரைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் கிடையாது என்பது எங்கள் துறைத் தலைவரின் கட்சி.

"அம்மா, நகர்ந்தது நிலமில்ல, உங்க கம்பம். சிமெண்ட் சரியா பிடிக்கல," என்கிறார்.

நம் கடற்கரையிலும் அது உண்டு என்கிறேன் நான். இவ்வளவுதான் வழக்கு, பெரிதாக ஒன்றுமில்லை. கம்பத்தை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. முதலாளியம்மாவுக்கு என் அன்பு.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கணும். நாங்கள் நலம். முழங்கால் எப்படி?

போட்டோ எடுத்தேன். பிலிம் சுருளில் வெளிச்சம் பட்டு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கேமராவும் இரவல், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்ன விரிப்பு, துண்டு வித்தையைச் செய்து பார்த்தேன். துண்டு நிஜமாகவே புடைத்தது! முதலாளியம்மா வந்துவிட்டாள். "வேலை வெட்டி இல்லையா உங்களுக்கு? லாட்ஜ்காரர் விரிப்பை வெச்சு விளையாடறீங்க!" என்றாள். "விளையாட்டில்லம்மா, கடல் உள்ளே போகுது," என்றேன். "போகட்டும். விரிப்பு நாளைக்குப் போகணும்," என்றாள்.

கம்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றுகூடத் துடைத்துவிட்டேன். சுற்றிலும் சுத்தமாக வைத்திருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

தம்பி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றி எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம். துடைக்க வேண்டிய அவசியமில்லாத கம்பத்தை நீ துடைக்கிறாய்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். போன மாதம் எல்லா விரிப்புகளும் மதியத்துக்குள் காய்ந்தன என்று எழுதியிருக்கிறாய். எதில் காய்ந்தன? உங்கள் துணிக்கொடி இரண்டு மரக்கால்களில் கட்டியிருந்தது. ஒரு மரக்காலைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில்தான் என் கம்பத்தை நட்டோம். அதற்குப் பதில் வேறு ஒன்று நட்டதாக நீ எழுதியதே இல்லை. மிச்சமிருந்த மரக்கால் கடல் சுவர் ஓரத்தில் நின்றது, நினைவிருக்கிறது.

கொடியை என் கம்பத்தில் கட்டியிருக்கிறீர்கள், அப்படித்தானே?

டேய், பயப்படாதே. எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கயிறு கடல் சுவர் பக்கம் போயிருந்தால், ஈர விரிப்புகளின் கனம் கம்பத்தைக் கடல் பக்கம் சாய்த்திருக்கும். அப்போது தலைவர் சொன்னதுதான் சரி. நானே போய் அவரிடம் சொல்லிவிடுவேன். அதனால் எது உண்மையோ அதை எழுது. எப்போது கட்டினீர்கள், எப்போது அவிழ்த்தீர்கள், கயிற்றின் மறுமுனை எங்கே இருந்தது? கைக்கு வந்தபடி ஒரு படம் வரைந்து அனுப்பு.

அக்கா

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கட்டினது உண்மை. போன மழைக்காலத்தில், அக்டோபர் வாக்கில், முதலாளியம்மாதான் கட்டினாள். நான் தடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இது யார் முற்றம்?"

"நம்ம முற்றம்தான்."

"நம்ம முற்றம்னா, நடு முற்றத்துல கம்பம் நடறப்ப உங்க அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? உங்களைக் கேட்டாங்க. நீங்க தலையை ஆட்டினீங்க. கொடிக்கால் போச்சு. ரெண்டு வருஷமா வெந்நீர் அறைக்குள்ள காயப் போட்டு மூச்சு முட்டறது நான்."

உன்னை விசாரித்ததாக நான் எழுதினதெல்லாம் நானாக எழுதினது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் முதல் கடிதம் வந்த மறுநாளே, மார்ச்சில், நானே அவிழ்த்துவிட்டேன். அவள் மறுபடி வெந்நீர் அறையில் காயப் போடுகிறாள். உன் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் கம்பத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

கருவியைச் சரிபார்க்க உங்கள் ஆள் ஒருவர் வந்திருந்தார். டிசம்பரோடு இந்தக் கம்பத்தை எடுத்துவிடப் போகிறார்கள், உன்னைப் பழைய பதிவுகளை அடுக்குகிற அறைக்கு மாற்றப் போகிறார்கள் என்றார். "பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதினாயே அக்கா.

படம் வரைந்திருக்கிறேன். கடல் சுவர் ஓரத்து மரக்கால் போன புயலிலேயே விழுந்துவிட்டது. அதனால் முதலாளியம்மா வெந்நீர் அறைச் சுவரில் இரும்புக் கொக்கி அடித்து, அங்கிருந்துதான் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தாள்.

தம்பி

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நலம், நலம், நலம்! முழங்கால் வலியோடு மூன்று மாடி ஓடி ஏறியிருக்கிறேன்.

மடையா, வெந்நீர் அறை எந்தப் பக்கம் இருக்கிறது? மலைப் பக்கம்! உங்கள் கயிறு கம்பத்தை மலைப் பக்கம் இழுத்திருக்கிறது. கம்பமோ கடல் பக்கம் போயிருக்கிறது. பிப்ரவரி முழுக்க, காற்றில் விரிப்புகள் கப்பல் பாய் மாதிரி உப்பிக்கொண்டு பின்னால் இழுக்க, அத்தனை கனத்தையும் மீறிப் பாறையோடு சேர்ந்து கடலைப் பார்த்துப் போயிருக்கிறது. யாராவது கம்பத்தைக் கெடுத்தார்கள் என்றால் எனக்கு எதிர்ப்பக்கமாக அல்லவா கெடுத்திருக்கிறார்கள்!

உன் படத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லேசான ஆள் இல்லை. "சரிம்மா. கயிறு மலைப் பக்கம் இழுத்துச்சு. அதை அவிழ்த்தா கம்பம் கடல் பக்கம் நிமிரும் இல்லையா?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் நீ அவிழ்த்தது மார்ச்சில். கம்பம் திரும்பி முடிந்தது பிப்ரவரியில். "நாள் சரியா ஞாபகம் இருக்கும்னு எப்படி நம்பறது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அதனால் ஒரு சோதனை. பழையபடி அதே கொக்கியில் கயிற்றைக் கட்டி, இருக்கிற ஈர விரிப்பையெல்லாம் ஒரு வாரம் தொடர்ந்து காயப் போட வேண்டும். பிறகு அவிழ்க்க வேண்டும். கம்பம் எவ்வளவு அசைகிறது என்று நாங்கள் இங்கிருந்து பார்ப்போம்.

இதை உன்னிடம் கேட்கவில்லை. நீ தலையை ஆட்டாதே. உள்ளே இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். அதைப் பிரிக்காமல் கொடு.

அக்கா

ஜூன் 3

மதிப்புக்குரிய முதலாளியம்மாவுக்கு,

உன் கணவரின் அக்கா எழுதுகிறேன். நீ நலமா? வெந்நீர் அறைப் புழுக்கத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கம்பத்துக்கு இடம் கேட்ட அன்று நீ கடைக்குள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். பத்தடி நடந்து வந்து கேட்டிருக்கலாம். நான் நடக்கவில்லை.

இப்போது கேட்கிறேன். உன் முற்றத்தில், உன் கொக்கியில், உன் கயிற்றை ஒரு வாரம் கட்டிக்காட்டுவாயா? முடியாது என்றாலும் சரிதான். அதற்கப்புறம் கம்பம் அங்கே இருக்கலாமா, வேண்டாமா என்பதும் நீ சொல்வதுதான். எடுக்கச் சொன்னால் நானே வந்து எடுக்கிறேன்.

உன் அண்ணி

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நடந்ததைக் கேள்.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு மடித்து, இஸ்திரிப் பெட்டி வைக்கிற தகட்டுக்கு அடியில் செருகினாள். நான் தூணைப் போல நின்றேன். "என்ன நிக்கறீங்க? கயிறு எங்கே?" என்றாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! லாட்ஜ், இரண்டு கப்பல், ஆஸ்பத்திரி, எல்லா விரிப்பும் ஒரே கொடியில். போதாதென்று கடையின் தடித்த திரைச்சீலைகளையும் முக்கி எடுத்து வந்து போட்டாள். "கம்மியா போட்டா நாளைக்கு அந்தப் பெரிய மனுஷன் அதையும் ஒரு குறையா சொல்லுவாரு," என்றாள். கயிறு முனகியது. பக்கத்துச் சவரக்கடைக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, கட்டடத்தையே காயப் போடறீங்களா?" என்று கேட்டார்.

"கம்பம் அசையுதான்னு பாக்கறோம்," என்றேன்.

"அசைஞ்சா?"

"எங்க அண்ணி தோத்துடுவாங்க," என்றாள் முதலாளியம்மா. "அசையாது."

அக்கா, "எங்க அண்ணி" என்றாள். நான் காதால் கேட்டேன்.

நேற்று அவிழ்த்தோம். என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

கயிற்றைக் கட்டியதும் கம்பம் மலைப் பக்கம் ஒரு தலைமுடி அளவு சாய்ந்தது. அவிழ்த்த அன்றே நிமிர்ந்துவிட்டது. அவ்வளவுதான்! அரிசி மணி எங்கே, தலைமுடி எங்கே? அதுவும் ஒரே நாளில் நிமிர்ந்துவிட்டது. பிப்ரவரியில் நடந்ததோ மூன்று வாரம். கம்பத்தின் அசைவைக் காட்டும் வரைகோட்டைத் தலைவர் பார்த்துவிட்டு, "சரி, கயிறு வழக்கு தள்ளுபடி," என்றார். சந்தோஷப்படுவதற்குள், "ஆனா ஒரு கம்பம் ஒரு கம்பம்தான். அதை வெச்சுக்கிட்டுப் பூமிக்கே பாடம் எடுக்க முடியாது," என்றார்.

எழுந்து நின்றேன். பழைய பதிவில் நான் ஒன்று கண்டுபிடித்திருந்தேன். பிப்ரவரிக்குப் பதினான்கு மாதம் முன்பு, உங்கள் கயிறு கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, கம்பம் ஒரு முறை இதேபோல் திரும்பியிருக்கிறது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். "அதே பதினாலு மாசக் கணக்குப்படி அடுத்த முறை வரும் ஏப்ரல் வாக்கில். கலங்கரை விளக்கப் பாறையிலும் துறைமுகப் பாறையிலும் ஒவ்வொரு கம்பம் நட அனுமதி கொடுங்க. மூணும் சேர்ந்து திரும்பும்," என்றேன்.

ஏப்ரல் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். திரும்பினால் கம்பங்களும் இருக்கும், நானும் இருப்பேன். திரும்பாவிட்டால் நான் பழைய பதிவுகளின் அறைக்குப் போகிறேன். இந்த முறை மறைக்காமல் எழுதிவிட்டேன், பார்த்தாயா.

முதலாளியம்மா பெயருக்கு இரண்டு இரும்புக் கால்கள் லாரியில் வருகின்றன. கொடி கட்ட. எங்கே நடுவது என்று அவள் சொல்லட்டும்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ ஜனவரிக்குப் பிறகு எழுதவே இல்லை. சாப்பிடுகிறாயா?

இங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சவரக்கடைக்காரர் தினமும், "கிளம்பிடுச்சா?" என்கிறார். லாட்ஜ்காரர் கம்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "எனக்கென்னவோ நகர்ற மாதிரி இருக்கு," என்றார். "கையை எடுங்க, நீங்கதான் தள்ளறீங்க," என்று முதலாளியம்மா விரட்டினாள்.

கம்பத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். அதற்குள் யாரும் காலை வைக்கக் கூடாது. நான் உட்பட.

ஏப்ரல் பிறக்கப் போகிறது. நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. திரும்பாவிட்டாலும் நீ எங்கள் அக்காதான்.

தம்பி

ஏப்ரல் 22

என் தம்பிக்கும் முதலாளியம்மாவுக்கும்,

திரும்பிவிட்டது! மூன்றும்!

மாதத்தின் முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் உங்கள் முற்றத்துக் கம்பம் தயங்கி நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் தயக்கத்தை நம்பக் கூடாது. பிறகு துறைமுகத்துக் கம்பமும் நின்றது, அதன் பின் கலங்கரை விளக்கத்துக் கம்பமும். இன்று காலை மூன்று கோடுகளையும் ஒரே தாளில் போட்டு எடுத்தோம். மூன்றும் ஒரே பக்கம் வளைந்து கடலைப் பார்த்துப் போகின்றன.

தாளைத் தலைவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், ஜன்னலருகே கொண்டுபோனார். அறை வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "ஏம்மா, மூணு கம்பத்துக்கும் ஒரே வாரத்துல சிமெண்ட் கெட்டுப்போகுமா?" என்று கேட்டார். "போகாது சார்," என்றேன். சத்தம் போட்டுச் சிரித்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க, நான் இத்தனை நாள் கேக்கவே இல்ல," என்றார்.

விரிப்பும் துண்டும் வைத்துத்தான் சொன்னேன்! மேஜைத் துணியை உருவி, கடைநிலை ஊழியரின் துண்டை வாங்கி, தண்ணீர் கொட்டி, இந்த அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. கம்பங்கள் நிலைக்கின்றன. கரை நெடுக இன்னும் நிறைய வரப்போகின்றன. பதிவு அறைச் சாவியை என்னிடம் கொடுக்க வைத்திருந்தவர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். பெரிய நடுக்கம் என்றைக்கு வரும் என்று இது சொல்லாது. ஆழத்தில்தான் பிடி நெகிழ்ந்தது. மேலே ஒட்டின இடம் ஒட்டியேதான் இருக்கிறது. கடல் தரை நம் காலடியில் அமிழ்ந்துகொண்டே இருக்கிறது என்பதை இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். தரை நெடுநேரம் குலுங்கினால் கடல் பொங்கி வரலாம்; யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

சந்தோஷத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நலமா?

அக்கா

மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுதுகிறேன். உங்கள் தம்பி பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறார், துரத்திவிட்டேன்.

எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை அவர் உரக்கப் படித்தபோது கடையில் லாட்ஜ்காரர், சவரக்கடைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். பாதிச் சவரத்தை விட்டுவிட்டு வந்திருந்த சவரக்கடைக்காரர் கையில் இருந்த கத்தியோடு ஓடிப்போய்த் தெருவில் கத்தினார், "நம்ம கம்பம் ஜெயிச்சிடுச்சு!" பாதி முகம் சோப்போடு ஒருத்தர் அவர் பின்னாலேயே ஓடினார். அன்றைக்குத் தெரு முழுக்கத் தேநீர் நம் கடையில்தான்.

வாடிக்கையாளர்களுக்கு நானே விரிப்பும் துண்டும் வைத்துக் காட்டுகிறேன். உங்கள் தம்பி காட்டினால் துண்டைத் தவறான பக்கம் பிடிக்கிறார். கடைசியில் மேட்டுக்கு ஓடுகிற பாதையையும் சொல்லி அனுப்புகிறேன். "துணியையும் எடுத்துக்கிட்டு ஓடணுமா?" என்று லாட்ஜ்காரர் கேட்டார். "நீங்க ஓடுங்க, துணி எங்க பொறுப்பு," என்றேன்.

இரும்புக் கால்களைக் கடல் சுவர் பக்கம் நட்டாயிற்று. கொடி கட்டியாயிற்று, வெந்நீர் அறையில் இப்போது மூச்சு விட முடிகிறது. கம்பம் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கொடிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க வழி விட்டிருக்கிறேன்.

அடுத்த முறை எந்த மாதம் திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வருஷம் ஜூனில். அப்போது நீங்கள் தாள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். இங்கே வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டு, கம்பத்தின் பக்கத்தில் உட்காருங்கள். முழங்காலுக்குச் சூடு வைக்க வெந்நீர் அறை இருக்கிறது. உங்கள் படுக்கைக்கு மஞ்சள் அடிக்காத விரிப்பு ஒன்றை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

வருவதற்கு முன் கேட்க வேண்டியதில்லை அண்ணி. வந்துவிடுங்கள்.

உங்கள்,
முதலாளியம்மா